ஓரியின் பொன்னும் ஆண்டறிக்கையின் படமும்

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை யாரும் இலக்கியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆய்வாளர்களுக்கு அவை தரவு. நிதி கொடுத்தவர்களுக்கு அவை ரசீது. நம் விமர்சகர்கள் அவற்றைக் கையால்கூடத் தொடுவதில்லை. ஆனால் நிறுத்தி நிதானமாகப் படித்தால், தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அது பழகிய வகைதான் என்பது இரண்டாம் பக்கத்திலேயே புரிந்துவிடும். அது ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன், இன்னும் பெறாதவனைப் பார்த்து, 'இந்த வழியாப் போ, இன்னாரைப் பாரு, இப்படிப் பாடு, இவ்வளவு கிடைக்கும்' என்று சொல்வது. பத்துப்பாட்டில் பாதி இதுதான். முதலில் வறுமை வரும். அப்புறம் வழி. அப்புறம் வள்ளலின் பெருமை. கடைசியில் பரிசில். ஆண்டறிக்கையின் வரிசையும் இம்மி பிசகாமல் இதேதான்: 'பயனாளி'யின் நிலை, நிறுவனத்தின் 'அணுகுமுறை', பின்னட்டையில் நிதி உதவியவர்களின் சின்னங்கள், கடைசிப் பக்கத்தில் அடுத்த ஆண்டுக்கான தேவை.

சிறுபாணாற்றுப்படையில் ஓர் அடுக்களை வருகிறது. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க வர, வற்றிய முலையோடு தாய் நாய் வலி பொறுக்காமல் குரைக்கிற அடுக்களை. அங்கே ஒரு பெண், குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தன் சுற்றத்துக்குப் பரிமாறுகிறாள். இந்தக் காட்சியை உருகி உருகிப் பாடம் நடத்தினார்கள். ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அவள் சாத்திய கதவைத் திறந்து உள்ளே இருப்பதை ஊருக்குக் காட்டியது யார்? புலவர்தான். காட்டினால்தான் பரிசில். சாத்திய கதவுக்குப் பரிசில் கிடையாது. ஆண்டறிக்கையில் அட்டைப்படம் எடுக்க வரும் தம்பியும் இதே கதவைத்தான் திறக்கிறார். 'மூக்கொழுகற குழந்தையாப் பார்த்து எடுங்க' என்று சொல்லி அனுப்பும் செயலாளர்களை எனக்குத் தெரியும்.

இந்த வாசிப்பைக் கொல்லிமலையில் வைத்துச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. இது ஓரியின் மலை. கடையேழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசே விழா எடுக்கிறது. வன்பரணர் அவனைப் பாடிய புறப்பாட்டில், வேட்டைக்காரன்போல் வந்து நிற்கிறான். பாணர் கூட்டம் அவனைக் கோ என்று விளித்ததும் நாணுகிறான். வேகவைத்த மான்கறி தருகிறான், கள் தருகிறான், தன் மலையில் பிறந்த பொன்னை மணிகளோடு கலந்து அள்ளித் தருகிறான். நல்ல மனிதன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொன்னை மலையிலிருந்து எடுத்தவர் யார்? பாட்டில் இல்லை. கொடுத்தவன் பெயர் இருக்கிறது. வாங்கியவன் வெளியூரிலிருந்து வந்த பாணன். மலையில் இருந்தவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலில் கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. அது மட்டுமா? காரி ஓரியைக் கொன்றபின் கொல்லிமலையையே சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று அகநானூறு சொல்கிறது. மலை முழுசும், ஆட்களோடு சேர்த்து, ஒரு கொடைப்பொருள் ஆனது.

இன்றைக்குத் தொண்டு நிறுவனங்களுக்கு வரும் பணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த மூன்றாவது ஆளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கொடுப்பவர் உண்டு, வாங்குபவர் உண்டு. யார் பெயரைச் சொல்லி வாங்கப்படுகிறதோ அவர் கணக்கில் எங்கேயும் கையெழுத்துப் போடுவதில்லை. போட்டாலும் வருகைப்பதிவு நோட்டில்தான். வாசலூர்பட்டியில் ஒரு பாட்டி சொன்னார்: "வந்தாங்க கண்ணு. சோறு போட்டாங்க. கைநாட்டு வாங்குனாங்க. எதுக்குன்னு நான் கேக்கல, அவுங்களும் சொல்லல." அந்தக் கைநாட்டுக்கு ஒரு பயிற்சி முகாமின் செலவுக் கணக்கில் ஒரு வரி மதிப்பு உண்டு என்பது பாட்டிக்குத் தெரியாது.

நமக்கு இந்த வாசிப்பைக் கற்றுக்கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று 1945இல் அவர் எழுதிய புத்தகத்தை நாம் அரசியல் நூலாக மட்டுமே படிக்கிறோம். அது ஒரு தணிக்கை அறிக்கையும்கூட. 1921இல் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்ட திலகர் சுயராஜ்ய நிதியில் தீண்டாமை ஒழிப்புக்கென்று எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று ரூபாய் அணாவாக எடுத்துவைக்கிறார். 1932இல் தொடங்கிய அரிசன சேவா சங்கத்தின் கணக்கையும் விடவில்லை. அதன் தலைவர் கன்ஷ்யாம் தாஸ் பிர்லா. தொடக்கத்தில் மைய வாரியத்தில் அம்பேத்கரும் இருந்தார், பின்னர் விலகினார். நிர்வாகத்தில் எங்கள் ஆட்கள் ஏன் இல்லை என்று தீண்டப்படாதவர்கள் கேட்டதற்குக் காந்தி சொன்ன பதில் முக்கியமானது. இது சாதி இந்துக்கள் தீர்க்க வேண்டிய கடன், பிராயச்சித்தம். எனவே பணத்தையும் நிர்வாகத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அதன் சாரம்.

கடன்காரனே கணக்குப் பிள்ளையாகவும் இருப்பான் என்ற இந்தத் தர்க்கம் அன்றோடு போய்விடவில்லை. தொண்டு என்ற சொல்லுக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. கொடுப்பவன் புண்ணியம் தேடுகிறான். அல்லது பாவம் கழிக்கிறான். அல்லது வரி கழிக்கிறான். மூன்றிலும் வாங்குபவனுக்குக் கேள்வி கேட்கும் இடம் இல்லை.

கொல்லிமலைக்கு வந்த வெளிப்பணத்துக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1913இல் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் இங்கிலாந்தின் சிறிய பாப்டிஸ்ட் சபைகளின் காணிக்கையை நம்பி மேலே ஏறினார்கள். இன்றைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு போட்ட ரோடு இருக்கிறது. அன்றைக்கு நடையும் குதிரையும் டோலியும்தான். மருந்து கொடுத்தார்கள், நரம்புச் சிலந்தி நோயை விரட்டக் கிணறுகளைக் கவனித்தார்கள், பள்ளி நடத்தினார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் செத்துப்போனார். ஈவ்லின் அம்மையார் வயதாகிவிட்டதென்று மிஷன் அவரை மீண்டும் மலைக்கு அனுப்ப மறுத்தது. ஓய்வு பெற்றபின் 1947 வாக்கில் சொந்தப் பொறுப்பில் மேலே போனவர், 1974இல் சாகும்வரை மலைகளை விட்டு இறங்கவில்லை. தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப் பெயர் பெற்ற பால் பிராண்ட் இவர்களுடைய மகன். 1914இல் இந்த மலையில் பிறந்தவர். பக்தி நூல்கள் இவர்களைப் புனிதர்களாக்கிவிட்டன. நமக்கு அந்தக் கதை வேண்டாம். ஒன்றை மட்டும் பார்ப்போம். மதம் மாற்ற வந்தார்கள் என்று ஒரு கூட்டம் ஏசும், சேவை செய்ய வந்தார்கள் என்று இன்னொரு கூட்டம் போற்றும். இரண்டு கூட்டமும் கணக்கைப் பற்றிப் பேசாது. அந்தக் கிழவியின் கணக்கு சிறியது, அவர் வாழ்ந்த குடிசைபோலக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் கடிதம் எழுதியது இங்கிலாந்துக்குத்தான். வாசலூருக்கோ வாழவந்திக்கோ அல்ல.

அடுத்து வந்தது வேறு மாதிரிப் பணம். அது வரவு அல்ல, பற்று. மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் மண் லாரி லாரியாக இறங்கியது. தன் மலையில் பிறந்த பொன் என்று வன்பரணர் சொன்னது நினைவுக்கு வருகிறது, இல்லையா? 2008இல் ஆலை அலுமினிய உற்பத்தியை நிறுத்தியது. கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்ற கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரலில். கம்பெனி செயல்படும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மலையில் தொழிற்சாலை இல்லை. மண் போன பிறகு வந்த சட்டம், மண் எடுத்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2022-23ஆம் ஆண்டில் இந்த வகையில் நாடு முழுக்கக் கம்பெனிகள் செலவிட்டது ஏறக்குறைய 30,000 கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளும் தலைநகரங்களும் இருக்கும் பணக்கார மாநிலங்களைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

மூன்றாவதாக வந்தது திட்டப் பணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1987இல் சுவாமிநாதனுக்குக் கிடைத்த முதலாவது உலக உணவுப் பரிசின் இரண்டு லட்சம் டாலரை விதையாக வைத்து 1988இல் தொடங்கியது. 90களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காப்பாற்றும் வேலையைச் செய்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளைக் குச்சிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலம் அது. கீழே சேலம், நாமக்கல் சேகோ ஃபேக்டரிகள் காசு கொடுத்துக் கிழங்கை வாங்கின, சாமைக்கு விலை இல்லை. இந்த வேலைக்குச் சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி நிறுவனம் நிதி கொடுத்தது. பின்னர் 2011 முதல் 2014 வரை கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் பணத்தில் கொல்லிமலை, வயநாடு, ஒடிசாவின் ஜெய்ப்பூர் மூன்று இடத்திலும் ஒரு திட்டம் நடந்தது. உரலில் சாமை குத்திக் கை காய்த்துப்போன பெண்களுக்கு உமி நீக்கும் மில் வந்தது. அதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். உலக்கை பிடிக்காத விமர்சகர்கள் சொல்லலாம்.

ஆனால் திட்டப் பணத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பசிக்கு அது கிடையாது. அதற்கு எண்ண முடிந்த விளைவு வேண்டும்: எத்தனைக் குழு, எத்தனைப் பயிற்சி, எத்தனை ஏக்கர். நிலத்தை இழந்த ஒரு குடும்பம் எப்படி இழந்தது, யாரிடம் இழந்தது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தும், உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டித் தமிழ்நாட்டில் 2008 முதல் 2016 வரை பட்டா கொடுக்காமல் இழுத்தார்களே, அந்த எட்டு வருஷத்தை எந்த நிறுவனத்தின் எந்த ஆண்டறிக்கையில் எந்தத் தலைப்பில் எழுதுவது? இதனால்தான் விதையைப் பற்றிப் பேசச் சுலபமாகப் பணம் கிடைக்கிறது. விதை போடும் நிலத்தைப் பற்றிப் பேசக் கிடைப்பதில்லை. இது ஒரு நிறுவனத்தின் குற்றம் அல்ல. அந்தப் பணத்தின் குணம்.

இந்த இடத்தில் ஒரு தோழர் குறுக்கிடுவார். 'அதான் நாங்க அப்பவே சொன்னோமே, இதெல்லாம் ஏகாதிபத்தியச் சதி.' 1984இல் பிரகாஷ் காரத் எழுதிய கட்டுரையிலிருந்து மார்க்சிய-லெனினியக் குழுக்களின் சுவரொட்டி வரைக்கும் இந்தக் குரல் இருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. போராட்டத்தைத் திட்டமாக்கி, திட்டத்தைச் சம்பளமாக்கி, சம்பளத்தைப் பழக்கமாக்கிய வேலை நடந்தது. ஆனால் அந்தக் குரல் டாலரை மட்டும் பார்த்தது. டாலர் வந்து இறங்கிய அலுவலகத்தில் யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், யார் சைக்கிளில் போகிறார் என்று பார்க்கவில்லை. இயக்குநர் ஆதிக்க சாதி, கணக்காளர் அவர் உறவு, அறங்காவலர் குழுவில் மனைவி, மைத்துனர். சேரிக்கும் மலைக்கும் போய்வரும் களப்பணியாளர் மட்டும் நம்ம ஆள். அவருக்குச் சம்பளம் என்றுகூடச் சொல்வதில்லை, 'ஊக்கத்தொகை'. சேமநல நிதி கிடையாது. நானே இரண்டு வருஷம் சமவெளியில் அப்படி ஒரு நிறுவனத்தில் இருந்தேன், பெயர் வேண்டாம். மாசக் கடைசியில் எங்கள் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு 'நன்கொடை' ரசீது கொடுத்தார்கள். உள்ளூர்ப் பங்களிப்பு இவ்வளவு என்று நிதி கொடுக்கிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். ஏழைகளுக்கு உதவும் அந்தக் கணக்கில் நாங்கள்தான் வள்ளல்கள்!

இடதுசாரிகள் காணாமல் விட்ட இன்னொன்று, வெளிப்பணம் நமக்குத் திறந்துவிட்ட கதவு. இதை ஒளிக்க வேண்டியதில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் மதுரை சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. அது சேசு சபையினர் நடத்திய நிறுவனம். எந்தத் தமிழ்ப் பதிப்பகத்தின் வாசலிலும் நிற்காமல் அந்தப் புத்தகம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கன்னியர் மடத்தின் சொகுசையும் சாதியையும் கிழித்துப்போட்ட புத்தகம் அது. 90களின் தலித் கலைவிழாக்களுக்கும் திருச்சபை நிறுவனங்களின் உதவி இருந்தது. அதற்கும் முன்னால், 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கக் கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தால் அம்பேத்கரின் பேனா வளைந்ததா? இல்லை. ஆக, பணம் எங்கிருந்து வருகிறது என்பது பாதிக் கேள்விதான். அது வந்த பிறகு யார் கையில் இருக்கிறது, யாருக்குக் கணக்குச் சொல்கிறது என்பது மீதிப் பாதி. நம் விமர்சனங்கள் முதல் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றன.

அரசாங்கமும் அந்த முதல் பாதியைத்தான் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல், நெருக்கடி நிலையின்போது பிறந்தது. பிறந்த நேரமே ஜாதகத்தைச் சொல்லிவிடும். 2010இல் புதிய சட்டமாக வந்தது. 2020இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தை மலையடிவாரத்திலிருந்து படித்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்குகிற எந்த அமைப்பும் புதுதில்லி நாடாளுமன்ற வீதி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கு வைக்க வேண்டும். வாசலூர்பட்டியில் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால் அதன் கணக்கு தில்லியில். பதிவு வேண்டுமானால் சங்கத்துக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். சொந்தமாக 15 லட்சம் செலவு செய்ய முடிந்த மலையாளிப் பழங்குடிச் சங்கம் எங்கே இருக்கிறது? முன்பெல்லாம் ஒரு வழி இருந்தது. பெரிய நிறுவனம் வாங்கும், சின்னச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஆங்கிலத்தில் திட்டம் எழுதத் தெரியாத தலித், பழங்குடிக் குழுக்கள் அந்தக் கால்வாயில்தான் தண்ணீர் குடித்தன. 2020 திருத்தம் அந்தப் பங்கீட்டையே தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம்வரை என்றிருந்த வரம்பை 20 ஆக்கியது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு 20 சதவீதம் என்பது ஏசி அறை. சின்ன அமைப்புக்கு ஒரு எழுத்தர் சம்பளம்கூட ஆகாது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்கள் செல்லும் என்றது.

யார் கழுத்தில் இந்தக் கயிறு விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2012இல் கூடங்குளம் போராட்டத்தின்போது தென்மாவட்டத்து நிறுவனங்களின் கணக்குகளை முடக்கினார்கள். குஜராத்தில் மார்ட்டின் மக்வான் 1989இல் தொடங்கிய தலித் அமைப்பு நவ்சர்ஜன். 2016 டிசம்பரில் பதிவை ரத்து செய்தார்கள், ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மதுரை மக்கள் கண்காணிப்பகத்தின் பதிவைப் புதுப்பிக்க மறுத்தார்கள். பணத்தில் திருட்டு நடந்தால் திருடனைப் பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? பொதுநலனுக்கு எதிராக நடந்தார்கள் என்ற ஒற்றை வரியில் முடித்துவிட்டால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? வன்கொடுமை வழக்கில் சாட்சியைப் பாதுகாப்பது யாருடைய நலனுக்கு எதிரானது?

இன்னொரு பக்கம், கண்டிப்பு என்று பார்த்தால் உள்நாட்டுப் பணத்தில் காற்றுதான் அடிக்கிறது. 2015இல் சிபிஐ உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த தகவலின்படி, விவரம் கிடைத்த மாநிலங்களில் இருந்த சுமார் 22 லட்சம் தொண்டு அமைப்புகளில் வரவு செலவு தாக்கல் செய்தவை 2 லட்சத்து 23 ஆயிரம் அளவுக்குத்தான். பத்தில் ஒன்று. கோயில் அறக்கட்டளை, கல்வி அறக்கட்டளை, சாதிச் சங்க அறக்கட்டளை எல்லாம் இந்தக் கூட்டத்தில் உண்டு. இவர்களுக்கு நன்கொடை கொடுப்பவருக்கு 80ஜி பிரிவில் வரிவிலக்கு, பெரும்பாலும் கொடுத்ததில் பாதித் தொகைக்கு. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அரசுக்கு வர வேண்டிய வரி அந்த அறக்கட்டளைக்குப் போகிறது. அதில் குச்சிக்கிழங்கு விற்ற காசில் சோப்பும் தீப்பெட்டியும் வாங்கி மறைமுக வரி கட்டுகிற வாசலூர்பட்டிப் பாட்டியின் பங்கும் உண்டு. முழுக்கத் தனியார் கொடை என்று ஒன்று கிடையாது, ஒரு பகுதி நம்ம பணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம்ம பணம் என்று நேரடியாகவே எழுதிவைத்த பணத்தின் கதி தெரிந்ததுதான். 2010இல் தில்லி காமன்வெல்த் விளையாட்டுக்குப் பட்டியல் சாதியினர் துணைத்திட்டத்திலிருந்து 600 கோடிக்கு மேல் திருப்பிவிட்டார்கள், நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியும் வந்தது. துணைத்திட்ட நிதிக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று பல வருஷம் கத்திய பிறகு 2024இல்தான் தமிழ்நாடு சட்டமன்றம் ஒன்றை நிறைவேற்றியது. தொண்டு நிறுவனங்களைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அரசு பின்வாங்கிய இடத்தில்தான் அவை நுழைந்தன. பல இடங்களில் அரசே கைபிடித்து அழைத்துவந்தது. 1989இல் தர்மபுரியில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடனோடு மகளிர் குழுக்களைத் தொடங்கி, பின்னர் சேலத்துக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தபோது, குழு அமைக்கும் வேலையைத் தொண்டு நிறுவனங்களிடம்தான் ஒப்படைத்தார்கள். இயக்கம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரே ராத்திரியில் காண்டிராக்டர் ஆனார்கள்.

இந்த மகளிர் குழுக்களில்தான் விஷயம் இருக்கிறது. குழுக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வாரம் இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் சேமிப்பு. தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரசீது, பாஸ்புக். ஒவ்வொரு கூட்டத்திலும் போன வாரக் கணக்கைச் சத்தமாகப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவும் காதால் கேட்டு, 'ஏம்மா, பத்து ரூவா ஒதைக்குதே' என்று நிறுத்துவார். இப்படிக் கணக்கு எழுதப் பயிற்சி கொடுத்ததே தொண்டு நிறுவனங்கள்தான். வெளிப்படைத்தன்மை பற்றிச் சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டியதும் அவர்கள்தான். அந்தப் பயிற்சிக்கு எவ்வளவு வந்தது, பயிற்சியாளருக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று அதே பெண்கள் நடுவில் சத்தமாகப் படித்த நிறுவனம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இருபது ரூபாய்க்கு வாரா வாரம் தணிக்கை. இருபது லட்சத்துக்கு வருஷம் ஒருமுறை, அதுவும் ஆங்கிலத்தில், ஆடிட்டர் அறையில்.

முடியாத காரியமா இது? ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994இலிருந்து பஞ்சாயத்துச் செலவுப் பட்டியலை ஊர் நடுவில் பந்தல் போட்டுப் படித்தது. கட்டாத சுவருக்கு எழுதிய செலவும் வேலைக்கே வராதவன் பெயரில் எழுதிய கூலியும் அங்கே வெளியே வந்தன. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அவர்களுடைய முழக்கம். அந்த அமைப்பு நிறுவன நிதி வாங்குவதில்லை. முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலி அளவுக்குத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் பந்தலும் ஒரு தாய்வீடு. 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அரசின் நிதியைக் கணிசமாகப் பெறும் தொண்டு நிறுவனங்களும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அரசு ஒதுக்கிய நிலத்தையும் கணிசமான நிதி என்று எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்வதை நம் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

புறநானூற்றில் ஓரியோடு சேர்த்து எண்ணப்படும் இன்னொரு வள்ளல் நள்ளி. கானகத்தில் பசித்துக் கிடந்த பாணனுக்குக் கறி சுட்டுக் கொடுத்து, கழுத்து ஆரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, நாட்டையும் சொல்லாமல் பெயரையும் சொல்லாமல் போனவன். இன்றைக்குக் கழிப்பறைக் கதவில்கூட நிதி உதவியவர் பெயர் இருக்கிறது. இருக்கட்டும், பெயர் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயருக்குக் கீழே தொகையையும் போடுங்கள். திட்டத்துக்கு மொத்தம் வந்தது இவ்வளவு, இந்த ஊரில் இறங்கியது இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, வண்டி இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று தமிழில் எழுதுங்கள். ரோட்டு வேலைக்குக் காண்டிராக்டரே போர்டு வைக்கும்போது சேவை செய்கிறவருக்கு என்ன கூச்சம்?

மலையின் ஊராட்சிகளிலும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராமசபை கூட வேண்டிய நாட்கள் இருக்கின்றன. மலைக்கு வருகிற எந்த நிறுவனமும் அந்தக் கூட்டத்தில் தன் ஆண்டுக் கணக்கைத் தமிழில் படிக்க வேண்டும் என்று தீர்மானம் போட எந்தச் சட்டமும் தடையில்லை. படிக்க மறுத்தால் மகளிர் குழுக்கள் அந்த நிறுவனத்தின் வருகைப்பதிவு நோட்டில் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம், படம் எடுக்க வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இதை அந்தப் பாட்டியிடம் சொன்னபோது சிரித்தார். "படிக்கட்டும் கண்ணு. ஆனா மெதுவாப் படிக்கச் சொல்லு. பேங்குல படிக்கிற மாதிரிப் படிச்சா யாருக்குப் புரியும்?" கணக்கு நோட்டு யார் கையில் இருந்தால் நல்லது என்று பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் அதற்குள் வாதம் செய்ய ஆரம்பித்திருந்தார்கள்.